தலை உங்களிடம், வால் என்னிடம்

மார்ச் 3

சம்பந்தியம்மாவுக்கு,

போன் செய்தால் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

நீதிமன்றத்தில் கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்தபோது நீங்கள் என்னைப் பார்க்காமல் படி இறங்கிப் போனீர்கள். கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, முதுகு என் பக்கம் வரும்படி திரும்பினீர்கள். நானும் கூப்பிடவில்லை. என் பையன் பக்கத்தில் நின்றான், உங்கள் பெண் உங்கள் கையைப் பிடித்திருந்தாள். அந்த நேரத்தில் ராக்கெட் என்ன ஆச்சு என்று கேட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இப்போது கேட்கிறேன். ராக்கெட் என்ன ஆச்சு?

தலை உங்களிடம் இருக்கிறது, வால் என்னிடம் இருக்கிறது. மே மாதம் மாதிரி ராக்கெட் போட்டி. நம் இருவர் பேரையும் ஓர் அணியாகக் கொடுத்தாயிற்று. பெண் பார்க்க வந்த அன்று உங்கள் கண்ணாடி அலமாரியில் நீங்கள் செய்த குட்டிப் பீரங்கி வண்டியும் கப்பலும் வரிசையாக நின்றதைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டு மிடுக்கையெல்லாம் மறந்து, "இதுல எதாவது பறக்குமா?" என்று வாயை விட்டேனே, அன்றைக்குப் பிடித்தது இந்தச் சனியன். நீங்கள் செய்வது அச்சு அசலாக இருக்கும், ஆனால் இருந்த இடத்தை விட்டு நகராது. நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து ராக்கெட் விடுகிறேன். எல்லாம் பறக்கும், ஆனால் பார்க்கச் சகிக்காது. பழைய ராணுவ ராக்கெட் ஒன்றைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்வோம், அழகு உங்கள் பொறுப்பு, பறப்பது என் பொறுப்பு என்று அப்போது நாம்தான் பேசிக்கொண்டோம். போட்டியிலும் அப்படித்தான். பாதி மதிப்பெண் அசலைப் போல இருப்பதற்கு, மீதிப் பாதி பறப்பதற்கு.

பிரச்சினை பழையதுதான். உடம்பைவிடத் தலை பருத்திருப்பதால்தானே அதற்குத் தலைவீங்கி என்று பெயர் வைத்தோம்? தலை அவ்வளவு பெரிது, வாலில் உள்ள சிறகு நான்கும் இத்தனூண்டு. அசல் ராக்கெட் கிளம்பியதும் பம்பரம்போலச் சுழலும், அதனால் அதற்கு அது போதும். நம்முடையது சுழலாது. ஏவுகிற கம்பியை விட்டதும் குட்டிக்கரணம் போடும். சிறகைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள அனுமதி கொடுங்கள். தலையைப் பார்சலில் அனுப்புங்கள்.

விவாகரத்து வாங்கியது அவர்கள் இரண்டு பேரும். என்னை எதற்கு அதில் சேர்த்தீர்கள்?

இப்படிக்கு,
மாப்பிள்ளை வீட்டுக்காரி


மார்ச் 11

அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் முதுகைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. வேண்டுமென்றுதான் திரும்பினேன்.

சமரசம் பேச உட்கார்ந்த அன்று, அத்தனை பேர் நடுவில், என் பெண் முகத்தைப் பார்த்து, "அவ வாயைத் திறந்து பேசினாத்தானே அவன் எதையும் சொல்லுவான்?" என்றீர்கள். உங்கள் பையன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கி, பெட்டி கட்டி முடித்த பிறகு பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் பேசவில்லை என்பது உங்களுக்குக் குற்றமாகத் தெரிகிறது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் உங்கள் பக்கம் திரும்பிச் சிரிக்க என்னால் முடியாது.

சிறகு விஷயம். முடியாது. நான் நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்தே தலை நரைத்தவள். 'கொஞ்சம் பெரிது' என்று ஓர் அளவு எனக்குத் தெரிந்து கிடையாது. அசலில் என்ன இருக்கிறதோ அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நடுவர்கள் அளவுகோல் வைத்துத்தான் பார்ப்பார்கள், உங்களைப் போலக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க மாட்டார்கள்.

மேலும், நான் இந்தப் போட்டியிலிருந்து விலகிக்கொள்வதாக இருக்கிறேன். தலையை என் மேசை மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். மகள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கண் அந்தத் துணி மேல் போகிறது. அவள் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை.

ஒன்று மட்டும். வாலில் மேலே வரும் கறுப்புப் பட்டையைப் பளபளப்பாக அடித்துத் தொலைத்திருக்கிறீர்கள் என்று நினைவு. ராணுவத்தில் எதையும் பளபளக்க விட மாட்டார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மங்கலான கறுப்பு அடியுங்கள். நான் விலகினாலும் அது அப்படி இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
பெண் வீட்டுக்காரி


மார்ச் 17

சம்பந்தியம்மாவுக்கு,

விலகுகிறவர்கள் பட்டையின் பளபளப்பைப் பற்றிக் கவலைப்படுவதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அடித்துவிட்டேன், மங்கலாக, மூன்று தடவை. திருப்திதானே?

சமரசப் பேச்சில் நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன். அவன் செய்தது தப்பு. அதை வீட்டுக்குள் வைத்து அவனை நான் கிழித்த கிழி உங்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் நீங்களே பாவம் என்றிருப்பீர்கள். ஆனால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வளர்த்த விதம் அப்படி." அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கக்கூட இல்லை, மேசை மேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்துச் சொன்னீர்கள். அப்பா இல்லாத பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கு சரியாகிவிட்டது, விடுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். தலையை அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள். அதனால் அதே அளவுக்கு மரத்தில் ஒரு தலையைக் கடைந்து வாங்கி, வாலில் பொருத்தி, நடுவில் நூல் கட்டி மொட்டைமாடியில் சுழற்றிப் பார்த்தேன். ஒழுங்கான ராக்கெட் என்றால் சுற்றும்போது மூக்கு முன்னால் போகும். தலைவீங்கி பக்கவாட்டில் போனான், பிறகு வால் முன்னால் போனான், பிறகு நூலை அறுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மா காயப்போட்டிருந்த போர்வைக்குள் போனான். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல என்னங்க இது?" என்று கேட்டார். வேறு யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தால் உங்களைத் தவிர யாருக்கும் இது புரியாது.

சிறகைப் பெரிதாக்காமல் இது பறக்காது. நீங்கள் வரைபடத்தில் மலையை வரைந்தீர்கள், அது அங்கேயே இருந்தது. இது மேலே போக வேண்டிய சாமான். தயவுசெய்து யோசியுங்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்காரி


ஏப்ரல் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மகள் பார்த்துவிட்டாள். நான் ஒளிக்கவில்லை, தலைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். "அவங்களுக்கு எழுதிட்டு இருக்கியா?" என்றாள். ராக்கெட் விஷயமாக என்றேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்கு ஒண்ணு முடிஞ்சா உனக்கும் முடியணும்ல, அம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குள் போனாள். அன்று முழுக்க நான் அந்தத் தலையைத் தொடவில்லை.

அவள் கேட்டது நியாயம். எனக்கு அது தெரிகிறது. ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இந்த வீட்டில் காலையில் அவள் வேலைக்குப் போகிறாள், மாலையில் வருகிறாள், சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறேன், ஆயிற்று என்கிறாள். நான் தீட்டிய கோட்டைத் தப்பு என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரை எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்பார், பார்க்காமலே. நீங்கள் ஒருவர்தான் பார்த்து, குறை சொல்லி, என் பிரஷ்ஷைப் பிடுங்கி ஓரமாக வைத்தவர். அதற்காக உங்கள் மேல் எனக்கு வந்த கோபம்கூட இப்போது வர மாட்டேன் என்கிறது. எரிச்சலாக இருக்கிறது.

நான் விலகவில்லை. அவளிடமும் சொல்லிவிட்டேன். பார்சலில் அனுப்பினால் பூச்சு உரியும், அதனால் தலையை மைதானத்துக்கு நானே கொண்டுவருகிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அவள்தான் கொண்டு வந்து விட வேண்டும். விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். வண்டியை விட்டு இறங்க மாட்டாளாம். நீங்களும் போய்ப் பேச வேண்டாம்.

சிறகு, நான் கொடுத்த படத்தின்படியே இருக்க வேண்டும். ஒரு மயிரிழைகூடக் கூடக் கூடாது. உங்கள் வார்த்தையை நம்புகிறேன்.

பெண் வீட்டுக்காரி


ஏப்ரல் 10

சம்பந்தியம்மாவுக்கு,

சரி. நீங்கள் சொன்னபடியே. சிறகு படத்தில் உள்ளபடிதான் இருக்கும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

என் பங்குக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். தலைக்குள் எடை எதுவும் வைக்காதீர்கள். மூக்கைக் கனமாக்கினால் நேராகப் போகும் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் நம் மோட்டார் அட்டைக் குழலில் அடைத்த சின்ன மோட்டார், சுமந்துகொண்டு மேலே போக அதற்கு வலு இல்லை. தலை இப்போது இருக்கும் கனமே அதிகம், நீங்கள் பட்டி பார்த்துப் பட்டி பார்த்து ஏற்றியது. நானும் உங்களை நம்புகிறேன்.

உங்கள் பெண்ணோடு பேச மாட்டேன். அவள் இறங்கினால் மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்காரி


மே 13

அம்மா அவர்களுக்கு,

நேற்று மைதானத்திலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நடுவர் அளவுகோலை எடுத்துச் சிறகின் மேல் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். "படத்துல ஒண்ணு இருக்கு, இதுல ஒண்ணு இருக்கே?" என்றார். வாழ்நாளில் என்னிடம் யாரும் அளவு தப்பு என்று சொன்னதில்லை. முப்பது வருடம் எத்தனையோ அதிகாரிகள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர்கூடச் சொன்னதில்லை. ராக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதுபோல.

நான்கு சிறகையும் பெரிதாக்கியிருக்கிறீர்கள். சரி என்று எழுதிக்கொடுத்த பிறகு. அப்படிச் செய்தும் அது பறந்ததா? கம்பியை விட்டு ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போனதும் காற்று வந்த பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு, தரைக்குச் சமமாக, நடுவர்கள் கூடாரத்துக்கு மேலே உரசிக்கொண்டு போனது. தலைப்பாகை கட்டிய மனிதர் ஒருவர் குனிந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நான் கூடாரத்துக்குப் போய், சிறகை வெட்டியது நானில்லை என்று சொல்லிச் சண்டை போட்டேன். வெட்கமாக இருக்கிறது. என் அணியில் இருக்கும் ஆளையே நான் காட்டிக்கொடுத்தேன்.

என் பெண் சொன்னது சரி. அங்கே முடிந்ததை இங்கேயும் முடித்திருக்க வேண்டும்.

இனி எழுத வேண்டாம்.


மே 16

சம்பந்தியம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

ஆமாம், சிறகைப் பெரிதாக்கினேன். படத்தில் உள்ளபடி வெட்டினால் அது யார் மேலாவது விழுந்து உயிரை வாங்கும் என்று பயந்தேன். உங்களிடம் மறுபடி கேட்டால் மறுபடி முடியாது என்பீர்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு வெட்டினேன்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். நீங்கள் கூடாரத்தில் கத்திக்கொண்டிருந்தபோது தலைவீங்கி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு அப்பால், சாக்கடை ஓரத்தில் போய் விழுந்தான். தரையில் விழுந்த பிறகுதான் பாராசூட் விரிந்தது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் உங்கள் பெண் வண்டியிலிருந்து இறங்கி அதைக் கையில் எடுத்துவிட்டாள். தலை இரண்டாகப் பிளந்திருந்தது. அவள் நிமிர்த்தியதும் உள்ளேயிருந்து பொலபொலவென்று ஈயக்குண்டு கொட்டியது. மீன் பிடிக்கிறவர்கள் தூண்டிலில் கட்டுவார்களே, அந்தக் குண்டு. ஒரு கைப்பிடி இருக்கும். பசை போட்டு ஒட்டி, மேலே பஞ்சு வைத்து அடைத்து, வெளியே தெரியாமல் எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறீர்கள், சம்பந்தியம்மா.

எடை வைக்காதீர்கள் என்று எழுதினேனே? நீங்கள் ஈயம் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லியிருந்தால் நான் சிறகில் கை வைத்திருக்கவே மாட்டேன். நான் சிறகைப் பெரிதாக்கினேன் என்று தெரிந்திருந்தால் நீங்கள் ஈயம் வைத்திருக்க மாட்டீர்கள். இரண்டில் எது ஒன்றைச் செய்திருந்தாலும் அது நேராகப் போயிருக்கும். இரண்டையும் செய்ததால் கனமும் கூடி, காற்றைக் கண்டதும் காற்றுப் பக்கமே திரும்பிவிட்டது. உலகத்தில் நம்மைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு ராக்கெட்டைக் கெடுக்க முடியாது.

எனக்கு அங்கேயே சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. உங்கள் பெண் சிரிக்கவில்லை. ஈயத்தையும் பார்த்தாள், சிறகையும் பார்த்தாள். அவளுக்கும் அளவு தெரியும், உங்கள் பெண்தானே. கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பிறகு சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்களுக்கும் நீங்க ரெண்டு பேரும் இதைத்தான் பண்ணீங்க, அத்தை. நீங்க உங்க பையன்கிட்ட, அவளுக்குக் கோபம் வரும், இப்பச் சொல்லாதேன்னு சொன்னீங்க. அம்மா என்கிட்ட, அவனா வந்து பேசற வரைக்கும் நீ பேசாதேன்னு சொன்னாங்க. நாங்க வெறும் ரெண்டு பேரா இருந்திருந்தா ஒருவேளை தப்பிச்சிருப்போம்."

எதைச் சொன்னாலும் சமாளிப்பாக இருந்திருக்கும். அவள் அழவில்லை, கோபமாகவும் இல்லை. உடைந்த தலையை என் கையில் கொடுத்துவிட்டு, வாலில் சாக்கடைத் தண்ணீர் பட்ட இடத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். பிறகு வண்டிக்குப் போய்விட்டாள்.

என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் அவளிடம் அப்படிச் சொன்னீர்களா, இல்லையா? நான் அவனிடம் சொன்னேன்.

மாப்பிள்ளை வீட்டுக்காரி


மே 25

சம்பந்தியம்மாவுக்கு,

சொன்னேன்.

உங்கள் கடிதத்தை மகளிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, அத்தை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதியிருக்கிறார் என்றாள். பிறகு தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குடித்தேன். மன்னித்துக்கொள் என்று ஒருவழியாகச் சொன்னேன். சரி என்றாள். சரி என்றால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஈயம் வைத்ததற்கு உங்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். நீங்கள் சிறகைத் தொடாமல் விட்டால் அது குட்டிக்கரணம் போடும், போட்டால் என் தலையைக் குறை சொல்வீர்கள் என்று பயந்தேன். உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் சரியாகச் சொல்லிவிடுவீர்கள் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வாரம் மகளாகவே பேச்சை எடுத்தாள். அக்டோபரில் இன்னொரு போட்டி இருக்கிறதாமே, தலைவீங்கியை மறுபடி கட்டப் போகிறீர்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, அத்தைக்கும் தெரியாது என்றேன். "கட்டறதா இருந்தா ஒரே மேசையில உக்காந்து கட்டுங்க. தலை ஒரு வீட்ல, வால் ஒரு வீட்லன்னா ரெண்டையும் தூக்கிக் குப்பையில போட்டுடுவேன்" என்றாள். நிஜமாகவே போடுவாள்.

ஆகவே நீங்கள் இங்கே வந்து ஒரு வாரமாவது தங்க வேண்டியிருக்கும். அவள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். உங்கள் பையனைப் பற்றி அவள் காதுபட ஒரு பேச்சும் கூடாது. அவன் எப்படி இருக்கிறான், சாப்பிட்டானா, எதுவும் கூடாது. தாய்க்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதில் அவள் பக்கம்தான் நான் நிற்பேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை. என் அறை முழுக்கச் சாமான், உங்களுக்கு இடம் போட முடியாது. கூடத்தில் படுக்கச் சொல்லலாம் என்றேன். அவள்தான் வேண்டாம், முழங்கால் வலிக்காரரைத் தரையில் போடாதே, என் அறையில் இன்னொரு கட்டில் போடு என்றாள். போட்டாயிற்று. ராத்திரி குறட்டை விடுவீர்களா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

பெண் வீட்டுக்காரி


மே 30

சம்பந்தியம்மாவுக்கு,

நிபந்தனையைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்கள் மேலும் அவள் மேலும் கோபமாக இருந்தேன். அவன் நான் பெற்ற பிள்ளை. அவன் பேச்சை எடுக்காமல் நான் ஒரு வேளைகூடக் கழித்ததில்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் அவளுக்கு அந்தப் பேர் காதில் விழாமல் ஒரு வாரம் வேண்டியிருக்கிறது. அவளிடமிருந்து நாங்கள் எடுத்தது அதைவிட அதிகம். எனக்கு அவன் ஞாபகம் வந்தால் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன். எதற்கு அடிக்கடி வெளியே போகிறேன் என்று கேட்காமல் இருங்கள், அது போதும்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். வாலையும், உடைந்த தலையையும், ஈயக்குண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன். சிறகு உங்கள் அளவுப்படி நீங்களே வெட்டுங்கள். ஈயம் எவ்வளவு என்பதை நான் எடை போட்டுச் சொல்கிறேன், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அவளிடம் சொல்லுங்கள். குறட்டை விடுவேன். நன்றாகவே விடுவேன். முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டுக்காரி